ஜாமீன் கேட்காத கடன்

அப்பா,

மருத்துவப் படிப்புக் கடனுக்கு உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன் என்று நேற்று போனில் சொன்னதும் குதித்தீர்களே! "என் பேரை எதுக்குடி எழுதின? வெர்ஜில் மாதிரி நானும் பண்ணைய விட்டுட்டு நிக்கணுமா? நம்ம மாட்டுக்கு ஊசி போட்டுக்கிட்டு இருந்தா உனக்குப் போதாதா?"

போதாது.

வெர்ஜில் சித்தப்பா நண்பனின் டிராக்டர் கடனுக்கு ஜாமீன் போட்டு நிலத்தை இழந்தார். நான் வாங்கியது அரசாங்கக் கடன். அதற்கு ஜாமீனே கிடையாது. முழுக்க என் தலையில்தான். நான் கட்டாவிட்டாலும் உங்கள் மாட்டின் வாலைக்கூட யாரும் தொட முடியாது. நரை விழும்வரை கட்டவேண்டி வந்தாலும் நானே கட்டிக்கொள்கிறேன்.

உங்கள் பெயரை மட்டும் எடுக்க மாட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள்.

கடன் விண்ணப்பத்தில் அவர்கள் கேட்டது கடனைக் கட்டுகிறவர் பெயரை இல்லை, அப்பா. நான் எங்கே போனாலும் என் இருப்பிடம் தெரிந்திருக்கும் இரண்டு பேரைக் கேட்டார்கள், வெவ்வேறு வீட்டில் இருப்பவர்களாக. நம் குடும்பத்தில் அதற்கா பஞ்சம்? உங்களைப் பிரிந்து லிங்கன் நகரில் இருக்கும் அம்மாவை இரண்டாவதாக எழுதினேன்.

முதலில் உங்களை.

ஒமாஹாவில் என் புது முகவரி உறையின் பின்புறம் இருக்கிறது. கோபத்தில் அதைக் கிழித்துப் போட்டு என்னைப் பொய் சொன்னவளாக்கிவிடாதீர்கள்.

உங்கள் பிடிவாதம் அப்படியே வாய்த்த
மகள்