தையல் அறைக்குப் படகுப் பெயின்ற்

ஏப்ரல் 28, திங்கள்

தையல்கடை முதலாளி நிஸ்லா ராத்தாவிடம் சொல்லிவிட்டேன். மே மாதத்தோடு நிற்கிறேன், இனி வீட்டிலேயே தைக்கப்போகிறேன் என்று. "நல்லது, அன்ரோனெற்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் கட்டிய அறைக்குப் போன கிழமைதான் சீமெந்து பூசியது. ஒரு மாதம் காயவிட்டு, பிறகு பிறைமர் என்கிற அடிப்பூச்சு, அதற்கும் பிறகுதான் பெயின்ற் என்கிறார் மேசன் கோகுலன். ஒரு மாதமாம்! பொறுத்திருக்க நான் என்ன கோயில் சொரூபமோ? நாளுக்குப் பத்துத்தரம் சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன்.

மே 2, வெள்ளி

வேலையால் வந்து பார்த்தால் அறை முழுக்க நீலம்! படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்றை என்ர மனுசன் றெனால்ட் ஈரச் சுவருக்கு அடித்துவிட்டார். பிறைமரும் இல்லை, ஒன்றும் இல்லை.

"கடல் தண்ணியையே தாங்கிற பெயின்ற், சுவரில நிக்காதோ?" என்று சிரிக்கிறார். மூக்கிலும் நீலம். எனக்காகச் செய்த மனுசனை எப்படி ஏசுவது? பார்க்க வடிவாய் வேறு இருக்கிறது.

மே 9, வெள்ளி

கொப்புளம். சன்னலுக்குக் கீழே முழுக்க. விரலால் அமத்தினால் தண்ணீர் வருகிறது.

மே 11, ஞாயிறு

கோயிலில் பூசை முடிந்து வரும்போது அயல்வீட்டுச் செலீனா மறித்தாள். மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கும்போது போடுகிற வெள்ளை உடுப்பை நான்தான் தைக்க வேண்டுமாம். ஓம் என்றுவிட்டேன். எங்கே வைத்து? உரியிற நீலத்தில் வெள்ளைத் துணி பட்டால்?

வீட்டுக்கு வந்து றெனால்டைப் பிடித்துக் கிழி கிழி என்று கிழித்தேன். ஏன் செய்தனீங்கள், என்னட்ட ஒரு சொல் கேக்கக் கூடாதோ எண்டு. அவர் சுரண்டியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். பிறகு நானும் போனேன்.

மே 17, சனி

கோகுலன் வந்து பார்த்தார். படகுப் பெயின்ற் ஈரத்தை உள்ளே அடைத்துவிட்டதாம். இன்னும் ஒரு மாதம் வெறுஞ் சுவராய் விடட்டாம்.

மே 20, செவ்வாய்

கடையில் என் மெசினில் புதுப்பிள்ளை ஒன்றைப் பழக்குகிறார்கள். பக்கத்தில் நின்று நானே காட்டிக்கொடுக்கிறேன்.

இங்கேயாவது உண்மையை எழுதுவோம். சுவர் கொப்புளித்த அன்றைக்குக் கோபத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. அறை சரியில்லை, ஆகவே கடையிலேயே இருந்துவிடலாம் என்று. சீ. எனக்கு என்ன பயம்? ஒருவரும் தைக்கத் தராவிட்டால் என்ன செய்வேன் — அந்தப் பயம்தான்.

மே 31, சனி

கடையில் கடைசி நாள். நிஸ்லா ராத்தா கட்டிப்பிடித்தார். பஸ்ஸில் அழுகை வந்தது.

யூன் 1, ஞாயிறு

சுவர் காய்ந்தபிறகு தொடங்குவோம் என்றேன். றெனால்ட் ஒருமாதிரிப் பார்த்தார்.

"நீ மெசினில தைக்கப்போறியோ, சுவரில தைக்கப்போறியோ?"

சொல்லிவிட்டு வீட்டிலிருந்த என் தையல் மெசினைத் தூக்கி நடு அறையில் வைத்தார். சுவர் எட்டாத தூரம்.

யூன் 14, சனி

செலீனாவின் மகளுக்கு உடுப்பைப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் குண்டூசிகள். நிஸ்லா ராத்தாவின் போன். புதுப்பிள்ளை வேலையை விட்டு நின்றுவிட்டாளாம், திரும்ப வாறியா என்று கேட்டார். ஊசிகளை எடுத்துவிட்டு, "இல்லை ராத்தா, நான் வரேல்லை" என்றேன். பிள்ளை திரும்பி நின்றாள், மிச்சத்தையும் மடித்துக் குத்தினேன்.

பின்னேரம் கோகுலன் வந்தார். சுவர் காய்ந்துவிட்டதாம், திங்கள் பிறைமர் அடிக்கலாமாம். இப்போது வேண்டாம், இன்னும் நாலு உடுப்புத் தைக்கக் கிடக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.