வளர்ச்சி இல்லை

கரையான்சாவடி
8 ஜூன் 2025

அன்புள்ள பிரியா,

நலமா? ஜூன் வந்தும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை என்றாயே, இப்போதாவது ஜெர்மனியில் வெயில் வந்ததா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. போனில் பேசலாம்தான். ஆனால் எங்கள் வீடு உனக்குத் தெரியும், ஓர் அறை, நடுவில் ஒரு திரை. நான் பெருமூச்சு விட்டால்கூட அம்மா “இன்னாடி ஆச்சு?” என்பாள். அதனால் மெயிலிலேயே கடிதமாக எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பயோடெக்னாலஜி முடித்துவிட்டு இரண்டு வருடம் அம்பத்தூரில் மெடிக்கல் கோடிங் கம்பெனியில் உட்கார்ந்து, அமெரிக்காக்காரர்களின் நோய்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தவளை உன் அண்ணன்தான் லேபுக்குள் கொண்டுவந்தார். நம் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். ஹேமநாதன் பைக் ஷோரூமில் இருக்கிறான். பாதிப் பேர் எண் போடுகிறார்கள். லேப் கோட் போட்டிருப்பது நீயும் நானும்தான். கோட்டின் கை நீளமாக இருக்கிறது என்று அத்தா தன் தையல் கடையிலேயே பிரித்துச் சரிசெய்து கொடுத்தார்.

இப்போது அந்தக் கோட்டைப் போடவே பயமாக இருக்கிறது.

குழந்தைகளுக்குப் போடும் ஊசி மருந்துப் பொடியைக் கரைக்க ஒரு தண்ணீர் பாட்டில் உண்டல்லவா, அதுதான் எங்கள் கம்பெனியின் சரக்கு. ஒவ்வொரு பேட்சிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சத்துக் கரைசலில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பதினான்கு நாள் பார்ப்பது என் வேலை. கடைசிவரை தெளிவாக இருந்தால் ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போன திங்கள் ஒன்பதாம் நாள். ஒரு சோதனைக் குழாயில் கரைசல் கலங்கியிருந்தது. உன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர்தானே எங்கள் பிரிவுக்குத் தலைவர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உன் கை பட்டுதான் கலங்கி கீது. தூக்கிப் போட்டுட்டு வேற குழாய் வை.”

“விசாரணை பண்ணணும்னு விதி இருக்கே சார்” என்றேன்.

“விதி எனக்கும் தெரியும்மா.”

கோபப்படவில்லை. வழக்கம்போல் மெதுவாகத்தான் சொன்னார். நேற்று பதினான்காம் நாள். எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். அப்போதிலிருந்து சோறு இறங்கவில்லை. நீ அவரிடம் பேசுவாயா? நீ சொன்னால் கேட்பார்.

உன்
சபீனா


ஹானோவர்
10 ஜூன் 2025

என் செல்ல சபீ,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ இப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்லை. செய்முறைத் தேர்வில் நான் பாட்டிலை உடைத்தபோது, தானே உடைத்ததாகச் சொன்னவள் நீ.

ராகேஷ் அண்ணன் பதினாறு வருடமாக அதே வேலை பார்க்கிறான். தப்பாகச் சொல்லமாட்டான். கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். அன்றைக்குக் கையுறை மாற்றினாயா? புதிதாகச் சேர்ந்தவர்கள் கையால் கலங்குவது இங்கேயும் நடக்கிறது. போன மாதம் நானே கிருமி வளர்க்கும் தட்டு ஒன்றைக் கெடுத்து என் பேராசிரியையிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். எனக்கும் செப்டம்பர்வரைதான் ஒப்பந்தம். அதற்குப் பிறகு என்னவென்று அவர் வாய் திறக்கவில்லை. தினமும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பாதி உயிர் போகிறது.

அண்ணனிடம் நிச்சயம் பேசுகிறேன். அதுவரை வேறு யாரிடமும் சொல்லாதே. ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்
ஜெயப்பிரியா


கரையான்சாவடி
15 ஜூன் 2025

பிரியா,

கையுறை மாற்றினேன். இரண்டு முறை.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். குழாயைக் கொட்டுவதற்கு முன்னால் ஒரு துளி எடுத்துத் தட்டில் தேய்த்து, இன்குபேட்டரின் பின்பக்கம் ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் தட்டு முழுக்கப் பச்சை. மூடியைத் திறந்தால் திராட்சை வாடை. இரண்டாம் வருடம் படித்தோமே, பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் ஏறினால் பிழைப்பது கடினம் என்று, அதே கிருமிதான். என் கையிலிருந்து வந்திருக்கலாம் என்று அப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். பிறகு மனம் கேட்காமல், பாட்டிலில் நிரப்பும் தண்ணீர் வரும் குழாயிலிருந்தே மாதிரி எடுத்து வைத்தேன். அதிலும் பச்சை, பிரியா. என் கை அங்கே படவே இல்லை.

வெள்ளிக்கிழமை சென்னீர்குப்பம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். உன் அண்ணன் பைக்கை நிறுத்தினார்.

“தட்டு எங்கே?” என்றார்.

“எந்தத் தட்டு சார்?”

“சபீனா, நான் உன்ன என் தங்கச்சி மாதிரி நினைச்சிகினு கீறேன். அந்தத் தண்ணி லைன மாத்தச் சொல்லி நாலு தபா எழுதிக் குடுத்தேன். முதலாளி காதுல போட்டுக்கல. இந்த பேட்ச் நின்னா கம்பெனிய இழுத்து மூடிருவாங்க. எனக்கு நாப்பது வயசு. இத வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?”

சனிக்கிழமை போய்ப் பார்த்தால் இரண்டு தட்டும் அங்கே இல்லை. என் போனில் எடுத்த படங்கள் மட்டும் இருக்கின்றன. வெளியே போகும்போது வாட்ச்மேன் என் பையைத் துழாவினார். இத்தனை நாள் அப்படிச் செய்ததில்லை. வழியில் பைக் சத்தம் கேட்டாலே கடைப்பக்கம் ஒதுங்கிவிடுகிறேன்.

சரக்கு வியாழக்கிழமை லாரியில் ஏறுகிறது. அதற்குள் நீ அவரிடம் பேசு. அவராகவே நிறுத்திவிட்டால் யாருக்கும் எதுவும் ஆகாது. உன் பதில் வரும்வரை நான் எதுவும் செய்யமாட்டேன்.

சபீனா


ஹானோவர்
20 ஜூன் 2025

அன்புள்ள சபீ,

அண்ணனிடம் பேசிவிட்டேன். அழுதான். அப்பா போனபோதுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை. லாரி நேற்றே போய்விட்டதாம். இனி அவன் கையில் ஒன்றுமில்லை என்கிறான்.

நீ கொஞ்சம் யோசி. பதிவேட்டில் முதல் கையெழுத்து உன்னுடையது. எது நடந்தாலும் முதலில் உன்னைத்தான் பிடிப்பார்கள். தட்டும் இல்லை, வெறும் படத்தை யார் நம்புவார்கள்? பேசாமல் வேலையை விட்டுவிடு. அம்பத்தூரிலேயே திரும்பச் சேர்ந்துகொள், உன்னை எடுத்துக்கொள்வார்கள். எல்லாப் பாட்டிலிலும் கிருமி இருக்குமென்று என்ன நிச்சயம்?

உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் அவன். எங்கள் கோவில்பதாகை வீட்டில் அம்மா உனக்கு எத்தனை நாள் சோறு போட்டிருக்கிறாள். அவளுக்காகவாவது பொறுத்துக்கொள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெயப்பிரியா


கரையான்சாவடி
29 ஜூன் 2025

பிரியா,

உன் அம்மாவின் சோற்றை நான் மறக்கவில்லை. திங்கட்கிழமை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனேன். வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தேன். மூன்றாவது முறை அத்தா கூட வந்தார். முதல் நாள்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

ஞானசேகரன் என்று ஓர் அதிகாரி. படங்களை வெகுநேரம் பார்த்தார்.

“இந்தக் கையெழுத்து உங்களோடதுதானேம்மா?”

“ஆமாம் சார்.”

“அப்ப உங்க மேலயும் நடவடிக்கை வரும். தெரிஞ்சுதான் வந்தீங்களா?”

தெரியும் என்றேன்.

அன்று மாலையே கம்பெனிக்குப் போய்த் தண்ணீர்க் குழாய்க்குச் சீல் வைத்தார்கள். போன சரக்கைக் கிடங்குகளில் மடக்கிவிட்டார்கள். ஆனால் பன்னிரண்டு பெட்டிகள் அதற்குள் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருந்தன. ஒன்பது திரும்பி வந்தன. மூன்று பிரித்தாகிவிட்டது. எந்தக் குழந்தைக்குப் போட்டார்கள், என்ன ஆயிற்று என்று யாரும் இதுவரை சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் ஞானசேகரன் சாருக்குப் போன் செய்கிறேன்.

உன் அண்ணன் எழுதிக் கொடுத்த நான்கு கடிதங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்று சொன்னேன். அது அவருக்கு உதவும். எனக்கு இனி எந்த லேபிலும் வேலை கிடைக்காது.

வியாழக்கிழமைக்கு முன்னாலேயே நான் போயிருக்க வேண்டும். உன் பதிலுக்காகக் காத்திருந்தேன். உன்னைக் குறை சொல்லவில்லை, பயந்தவள் நான்தான். திட்டியாவது ஒரு வரி எழுது.

சபீனா


ஹானோவர்
3 ஆகஸ்ட் 2025

சபீனா,

ஒரு மாதமாக எழுதி எழுதி அழித்தேன்.

ஜூலையில் கைதான அண்ணனுக்கு ஜாமீன் கிடைத்தது. அந்தக் கடிதங்களால்தான் கிடைத்தது என்று வக்கீல் சொன்னார். அம்மா வெளியே வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் அவன் வெளியூரில் இருக்கிறான் என்கிறாள். பிரித்த மூன்று பெட்டிகள் போன ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளுக்கு எதுவும் ஆகவில்லை என்று கேள்விப்பட்டேன். உனக்கும் சொல்லியிருப்பார்கள்.

அண்ணன் போனில் ஒன்று சொன்னான். ஜூன் கடைசியில் அவன் மகளுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான். நர்ஸ் ஊசி மருந்தைக் கரைக்கும்போது, அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிப் பெயரைப் பார்த்தானாம். வேறு கம்பெனி. “அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு” என்றான்.

உன் பதினைந்தாம் தேதிக் கடிதத்தை அன்றைக்கே படித்துவிட்டேன். தட்டின் நிறத்தைப் படித்ததும் அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருடம் படித்திருக்கிறேனே. ஆனாலும் வெள்ளிக்கிழமைவரை அண்ணனுக்குப் போன் செய்யவில்லை. நீ காத்திருப்பாய் என்று தெரியும். லாரி போய்விட்டால் பிறகு செய்ய எதுவும் இருக்காது என்று நினைத்தேன். வியாழக்கிழமை அது போகட்டும் என்றே அந்த நான்கு நாளும் லேபில் தலை குனிந்து வேலை பார்த்தேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத் தெரிய வேண்டும்.

நீ செய்தது தப்பில்லை. ஆனால் உன் பெயரை மெயிலில் பார்த்தாலே எனக்கு அந்த நான்கு நாள்தான் ஞாபகம் வருகிறது. இனி எழுதாதே சபீ. நீ எங்கள் வீட்டுக்கும் வரமாட்டாய்; நீ நன்றாக இருக்கிறாயா என்று என் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இனி எனக்கு வழியில்லை.

ஜெயப்பிரியா