வீடு பார்த்துக்கொண்ட பூனை

மார்ச் 4

காலை முதல் வண்டி எனக்கு. மதியம் வீடு திரும்பி, யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் சாயலாம் என்று போனால், கட்டிலில் ஏற்கெனவே ஒருவர் படுத்திருக்கிறார். சாம்பல் நிறப் பூனை. நல்ல கொழுப்பு. சமையலறை ஜன்னல் வழியாக வந்திருக்க வேண்டும். "யாருப்பா நீ?" என்றேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. துரத்தத் தெம்பில்லை. பக்கத்தில் கிடைத்த இடத்தில் படுத்தேன். என் வீடு, என் கட்டில், நான் ஓரமாக!

இடுப்பு வலி அப்படியேதான். புது பஸ், பழைய டிரைவர் சீட்டு.

மார்ச் 5

இன்றும்.

மார்ச் 8

பூனையின் ஊர் பேர் தெரிந்துவிட்டது. மாடி வீட்டுப் பெண்ணுடையது. பெயர் பிஸ்கட்டாம். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். அவர்கள் இந்தக் கட்டடத்துக்கு வந்து ஒரு வருடம் இருக்கும். படியில் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான் பழக்கம். கணவன் கப்பலில் இன்ஜினியர். கிளம்பினால் மாதக்கணக்கில் கடல்தான்.

"பிஸ்கட் இங்கதான் வருதா அங்கிள்? எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா?"

"தாராளமாத் தூக்கிட்டுப் போம்மா. நான் ஒண்ணும் கூப்பிடல."

"அதுக்கு என்ன குடுக்குறீங்க?"

"ஒண்ணும் குடுக்கல. நான் தூங்குவேன். அதுவும் தூங்கும்."

அவள் நம்பவில்லை. ரகசியமாக மீன் போட்டு மயக்கிவிட்டேன் என்பதுபோலப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளிடம் இருக்கிற பூனையாம். "இவ பொறந்ததுலேருந்து அது வீடு தங்க மாட்டேங்குது" என்று குழந்தையைக் காட்டினாள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பூனை. கதவை நான்தான் சாத்தினேன்.

மார்ச் 11

தங்கை போன் செய்தாள். பூனைக் கதையைச் சொன்னேன். "பரவாயில்லையே அண்ணா, இத்தன வருஷத்துல ஒரு ஜீவனாவது உன்னைத் தேடி வந்திருக்கே!" ஒரே சிரிப்பு. நான் கல்யாணம் செய்துகொள்ளாததை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். பிள்ளைகள் பறந்துவிட்டதால் இப்போது அதிகாரம் செய்ய நான் ஒருவன்தான் மிச்சம்.

ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன். வெளியே உட்கார்ந்து கத்தித் தீர்த்தது. நாளெல்லாம் ஹாரன் கேட்டு மரத்துப்போன காது இது. அப்படியும் தாங்கவில்லை. திறந்துவிட்டேன்.

மார்ச் 15

தினமும் இதே கூத்து. அது இறங்கி வருகிறது, அவள் வந்து தூக்கிப் போகிறாள், மறுநாள் அது திரும்ப இறங்குகிறது. இன்று அவள் காலில் ஒரு செருப்பு நீலம், ஒன்று கறுப்பு. சொல்லலாமா என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

மார்ச் 17

பூனையைத் தூக்க வந்தவள், தூக்காமல் வாசலிலேயே நின்றாள். என் வீட்டை உள்ளே எட்டிப் பார்த்தாள். அதில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு நாற்காலி, ஒரு கட்டில், கொடியில் இரண்டு சட்டை.

"உங்க வீடு எவ்வளவு அமைதியா இருக்கு அங்கிள்."

"ஆள் இல்லாத வீடு. அப்படித்தாம்மா இருக்கும்."

"ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போகட்டுமா?"

நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். டீ வைக்கலாம் என்று சமையலறைக்குப் போய் வருவதற்குள் தூங்கிவிட்டாள். தலை பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து. குழந்தையும் அவள் மடியில் தூக்கம். அவள் கை தளரத் தளர, குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. எழுப்ப மனசு வரவில்லை. குழந்தையை எடுக்கத் தைரியம் வரவில்லை. இந்தக் கையால் நான் எந்தக் குழந்தையையும் தூக்கியதில்லை. கடைசியில் நாற்காலிப் பக்கத்தில் மண்டி போட்டு, குழந்தைக்குக் கீழே கையை விரித்து வைத்துக்கொண்டேன். விழுந்தால் பிடிக்கலாம். இடுப்பு என்னென்னவோ சொன்னது. வாட்ச்மேன் தண்ணீர் மோட்டார் போட வந்தவர், திறந்த கதவு வழியாக இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். கேட்டிருக்கலாம். கேட்காமல் போனதுதான் கஷ்டம்.

விழித்ததும் பதறி எழுந்தாள். "ஐயோ ஸாரி அங்கிள், ஸாரி, ஸாரி." எத்தனை ஸாரி! டீ ஆறிப்போயிருந்தது. பூனையை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 18

சிக்னலில் ஒரு கணம் கண் செருகியது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள், விழித்தேன். வண்டி நிறைய ஜனம். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லைதான். ஆனாலும் நாள் முழுக்கக் கை நடுங்கியது. எனக்கே இப்படி என்றால், தூக்கமே இல்லாத அவள் ஒரு உயிரைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி நாளை ஓட்டுகிறாள்?

மார்ச் 22

பூனையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள் போலிருக்கிறது. மேலே பூனை கத்துகிறது, குழந்தை கத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் அவள் குரல். முதலில் கொஞ்சல், பிறகு கெஞ்சல், பிறகு அதட்டல். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மார்ச் 25

இன்று அவளே பூனையைக் கொண்டுவந்தாள். கூடவே அதன் தட்டு, மெத்தை, ஒரு பை நிறையத் தீனி.

"நீங்களே வெச்சுக்குங்க அங்கிள். மூணு நாளா ஒழுங்காச் சாப்பிடல. அதுக்கு என்னைப் பிடிக்கல."

"அப்படியெல்லாம் இல்லம்மா. சத்தம் பிடிக்கல, அவ்வளவுதான்."

"அது குடுத்து வெச்சது. சத்தம் பிடிக்கலன்னா கிளம்பிடலாம்." தட்டைத் தரையில் வைத்தாள். பூனையைத் தடவினாள். பிறகு தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்து, "இவளும் இப்படி ஒரு நல்ல வீடாப் பாத்துப் போயிட்டா நல்லா இருக்கும்" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பாள். இல்லையா?

மார்ச் 26

விளையாட்டா இல்லையா என்று வழி நெடுகக் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு ஸ்டாப்பில் நிறுத்தாமல் போய்விட்டேன், ஒரு பெரியவர் இறங்கும்போது என் பரம்பரையையே திட்டினார். வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் போட்டேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அண்ணா, அது விளையாட்டுப் பேச்சு இல்ல. அந்தப் பொண்ணு கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அம்மாவுக்கு நடக்க முடியாதாம், எங்கயோ தூரத்துல மகன் வீட்டுல இருக்காங்க. புருஷன் கப்பல்ல."

"நீ போய்ப் பாரு."

"நான் போய் என்னத்தப் பாக்குறது? தனியா இருக்குற பொண்ணு, நான் ஒரு ஆம்பளை. ஏற்கெனவே வாட்ச்மேன் ஒரு மாதிரிப் பாக்குறார்."

"வாட்ச்மேன் என்ன வேணாப் பாக்கட்டும். நீ அவளைப் பாரு."

போகவில்லை. நாளை போகலாம் என்று படுத்துவிட்டேன். பூனை காலடியில்.

மார்ச் 28

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

மதியம் படுத்திருந்தேன். மேலே குழந்தை அழுதது. அது அழுவது புதிதல்ல. ஆனால் எப்போதும் நடுநடுவே அவள் குரல் வரும். பாட்டு, திட்டு, ஏதாவது. இன்று வரவில்லை. குழந்தை மட்டும் அழுகிறது, அழுகிறது, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அழுகிறது. எழுந்து மேலே போனேன். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே, கட்டிலைச் சுற்றித் தலையணை அடுக்கி, நடுவில் குழந்தை, முகமெல்லாம் சிவந்து. குளியலறையில் பார்த்தேன், சமையலறையில் பார்த்தேன். அவள் எங்குமே இல்லை. எனக்கு மொட்டைமாடி ஞாபகம் வந்துவிட்டது. இந்த வயசில் அப்படி ஏறியிருக்கக் கூடாது, ஓடினேன்.

மொட்டைமாடிக்குப் போகும் படியில்தான் உட்கார்ந்திருந்தாள். பாதிப் படியில். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

முதலில் என்னைத் தெரியாதவள் மாதிரி பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "உள்ள இருந்தா அவளைத் தூக்கிப் போட்டுடுவேனோன்னு பயமா இருக்கு அங்கிள். அதான் வெளிய வந்துட்டேன். மேல போகலாம்னு வந்தேன். மேலயும் போக முடியல. கீழயும் போக முடியல."

சாமி, நான் என்ன செய்வேன்? எனக்கு என்ன தெரியும்? பஸ் ஓட்டத் தெரியும். அதைத்தான் சொன்னேன்.

"நீ பண்ணது சரிதாம்மா. கை நடுங்கினா வண்டிய ஓரங்கட்டணும். நீ ஓரங்கட்டிட்டே. இனிமே வேற ஆள் ஓட்டட்டும். எந்திரி."

கையை நீட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். கதவைத் திறந்தே வைத்து, வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "நான் வர்ற வரைக்கும் இந்தப் பொண்ணை விட்டு எங்கயும் போகாதீங்க" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "நான் இருக்கேன் சார், நீங்க போங்க" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்த மனிதரைப் போய் என்னென்னவோ நினைத்திருந்தேன்.

குழந்தையை நான்தான் தூக்கிவந்தேன். சும்மா எழுதவில்லை, நான்தான். கீழே வந்து தங்கைக்குப் போன் போட்டால், அவள் எடுத்த எடுப்பிலேயே, "பின்னாடி அழுகுரல் கேக்குதே, தலையைத் தாங்கிப் பிடிச்சிருக்கியா? அது ஸ்டியரிங் இல்ல" என்றாள். பத்தாததற்கு எனக்கும் அழுகை வந்துவிட்டது.

டாக்சி பிடித்து வந்துவிட்டாள். வந்தவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. குழந்தையை வாங்கி, பால் கரைத்துக் கொடுத்து, அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்து, என் கட்டிலில் படுக்கவைத்தாள். "தூங்கு. இவ என்கிட்ட இருக்கா. நான் எங்கயும் போகல." தங்கைக்கு இவ்வளவு மெல்லப் பேச வரும் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

மார்ச் 29

லீவு போட்டேன். மூன்று பேரும் டாக்டரிடம் போனோம், குழந்தையோடு நாலு. உள்ளே தங்கை போனாள், நான் வெளியே உட்கார்ந்தேன். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வருகிற வியாதியாம். அவள் குற்றம் இல்லையாம். மாத்திரை, தூக்கம், தனியாக விடக் கூடாது. "இத்தனை நாள் நான் கெட்டவள்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாளாம் டாக்டரிடம்.

ஏப்ரல் 2

கப்பல்காரர் போன் செய்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "நீங்க யாரு? எங்கிட்ட ஏன் முதல்லயே சொல்லல?" என்று ஏறினார். நானும் ஏறியிருப்பேன், பேச்சு வாய்வரை வந்தது. அதற்குள் அந்தப் பக்கம் குரல் உடைந்துவிட்டது. "வீடியோல சிரிச்சுட்டுத்தானே சார் இருந்தா" என்றார். அடுத்த துறைமுகத்தில் இறங்கி வருகிறாராம்.

ஏப்ரல் 6

தங்கை மூட்டை முடிச்சோடு வந்துவிட்டாள். பகலெல்லாம் குழந்தை இங்கேதான். கொடி முழுக்கக் குழந்தைத் துணி. குக்கர் சத்தம், தங்கையின் பாட்டுச் சத்தம் (பாட்டு என்று அவள் சொல்கிறாள்), அந்தப் பெண் வந்தால் பேச்சுச் சத்தம். நான் மதியம் தூங்கி நாளாகிறது. இன்றுதான் கவனித்தேன், பூனையைக் காணோம்.

ஏப்ரல் 9

பூனை கிடைத்துவிட்டது. தெருக்கோடியில் மூக்குக்கண்ணாடிக் கடை. கூட்டமே வராத கடை. உள்ளே கவுண்டர்மேல் ஃபிரேம்களுக்கு நடுவில் படுத்திருக்கிறது. கடைக்காரர் எழுந்து, "உங்களுதா சார்? நான் கூப்பிடல, அதுவா வந்துச்சு" என்றார் பயந்துபோய். அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்களுது இல்லீங்க. மீன் பிடிக்கும் அதுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அழுதுவிடுவாளோ? கேட்டுவிட்டு, "உங்களையும் விட்டுட்டுப் போயிடுச்சா?" என்றாள். பிறகு, "அப்ப என்னால மட்டும் இல்ல" என்றாள். அழவில்லை.

ஏப்ரல் 16

கப்பல்காரர் வந்துவிட்டார். ஆள் என்னைவிட உயரம். வாசலில் வந்து நின்றார், என் கையைப் பிடித்துக்கொண்டார், பிறகு மேலே போய்விட்டார். கரையிலேயே ஏதோ வேலைக்குப் பேசிவிட்டாராம், தங்கை சொன்னாள். தங்கைக்குத் தெரியாதது இந்தக் கட்டடத்தில் இப்போது எதுவுமில்லை.

ஏப்ரல் 19

அவளுக்கு இன்று நல்ல நாள் இல்லை. காலையிலிருந்து பேசவில்லையாம். தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். டாக்டர் முன்பே சொன்னார், ஏறும் இறங்கும் என்று.

எனக்கும் அசதி. எழுத ஓடவில்லை.

ஏப்ரல் 30

தங்கை தன் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் ஆகிறது. வாரத்தில் பாதி நாள் வருவதாக ஏற்பாடு.

முதல் வண்டி. வெயில். கால் வீங்கியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் படுத்தேன், கதவு தட்டுகிற சத்தம். அவள். கையில் குழந்தை இல்லை, தலை வாரியிருந்தாள்.

"தூங்கிட்டிருந்தீங்களா அங்கிள்?"

"இல்லம்மா. என்ன விஷயம்? பாப்பா எங்க?"

"அப்பாவும் பொண்ணும் தூங்குறாங்க. நான் சும்மா கடைத்தெரு வரைக்கும் நடந்துட்டு வரலாம்னு. உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

அவளைத் தனியாக விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கூடவே வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் பதிலுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தாள், வேறெதற்கும் இல்லை.

"ஒரு பாக்கெட் பிரெட் வாங்கிட்டு வா" என்றேன்.

படியிறங்கும் சத்தம் கேட்டது. அவசரமில்லாத நடை. அவள் திரும்பி வருகிறவரை விழித்திருக்க வேண்டும் என்றுதான் படுத்தேன். எப்போது வந்தாளோ தெரியாது. எழுந்து பார்க்கும்போது கதவுப் பிடியில் பிரெட் பாக்கெட் தொங்கியது. நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.