நாடி பார்க்கத் தந்த கை

2004 நவம்பர் 12, வெள்ளி. எல்லிங்ஸ்ருட், நோர்வே.

நான் தாதியாக வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஹரால்ட் என்றொரு கிழவர் இருக்கிறார். நாடி பார்க்க யாருக்கும் கையைக் கொடுக்கமாட்டார். மணிக்கட்டைத் தொட்டாலே உதறிவிடுவார். வெறும் பிடிவாதம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இன்று காலை தொடுவதற்கு முன், "நாடி பார்க்கலாமோ?" என்று கேட்டேன். என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கையை நீட்டினார். பிறகு அவர் நோர்வேஜிய மொழியில் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் ஊர்த் தமிழாகவே நிற்கிறது.

"உலக யுத்தத்துக்கை ஜெர்மன்காரர் என்னைப் பிடிச்சு வைச்சு அடிச்சவங்கள். நான் மயங்கினால் ஒரு டொக்டர் வருவார். ஜெர்மன்காரன் இல்லை, எங்கட நாட்டு ஆள்தான். பக்குவமாக் கையைப் பிடிச்சு நாடி பார்ப்பார். 'இன்னும் தாங்குவான்' எண்டு அவங்களுக்குச் சொல்லிப்போட்டுப் போவார். திரும்பவும் அடி துவங்கும்."

நாடித் துடிப்பின் எண்ணிக்கை தவறிவிட்டது.

"பிறகு அந்த டொக்டருக்கு என்ன நடந்தது?"

"கொஞ்சக் காலம் மறியல், ஜெயிலுக்கை இருந்தவர். வெளியிலை வந்து திரும்பவும் டொக்டர்தான். நல்ல கைராசிக்காரர் எண்டு சனம் சொல்லும்."

"அப்ப இண்டைக்கு ஏன் எனக்குக் கையைத் தந்தனீங்கள்?"

"நீ கேட்டனீ. அவர் ஒருநாளும் என்னட்டைக் கேட்கேல்லை."

இத்தனை வருடம் ஒருவருக்கும் கொடுக்காத கை என் உள்ளங்கையில் சூடாகக் கிடந்தது. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன். எண்ணி முடித்த பிறகும் விட மனம் வரவில்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.