அடுப்பில் காய்ந்த உத்பல்

நாக்லுங், லடாக்
1984 ஜூன் 10

சும்தாங் ஊர் அம்ச்சி நோர்பெல் அவர்களுக்கு,

நாக்லுங் ஊரார் அனைவரின் ஜூலே வணக்கம். எங்கள் ஊர் வைத்தியரான அம்ச்சி சென்ற குளிர்காலத்தில் காலமானதைத் தாங்கள் அறிவீர்கள். அவருடைய ஒரே மகள் யாங்டோல் அவரது மருந்துப் பையை ஏற்க முன்வந்திருப்பதால், வழக்கப்படி ஊர் கூடி அவளைப் பரிட்சித்துப் பார்க்க முடிவாகியிருக்கிறது. வெளியூர் அம்ச்சிகள் மூவர் கேள்வி கேட்பார்கள். மூவரும் சம்மதித்தால்தான் பை அவளுக்கு. அந்த மூவரில் ஒருவராகத் தாங்கள் வந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்.

அப்பாடா, கோபா-லே எழுந்து போய்விட்டார். ஊர்த்தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கட்டிய கணவனைத் 'தாங்கள்' என்று என் கையாலேயே எழுதினேன் பார்! சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலிக்கிறது. இனி எழுதுவது நான்.

நோர்பெல், நான் பரிட்சைக்கு நிற்கப் போகிறேன்! இரண்டு நாளாகக் கால் தரையில் பாவவில்லை. பால் கறக்கும்போதும் மருந்துப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறேன். பசு திரும்பிப் பார்க்கிறது.

கோபா-லே முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "பொம்பளப் புள்ள எப்பிடிம்மா? உன் புருசன் கணவாய்க்கு அந்தப் பக்கம் சும்மாதானே கெடக்கான், கூப்பிட்டுப் பையைக் குடுத்துடுவோம்" என்றார். "சும்மா கெடக்குறவனுக்கு எதுக்குப் பை? முதல்ல என்னைக் கேட்டுப் பாருங்க" என்றேன். கடைசியில், "தோத்தா பை அவனுக்கு, சரியா?" என்றார். சரி என்றுவிட்டேன். அதனால் நீ வருவது எதற்கு என்று யோசித்துக்கொண்டு வா.

நான் உன்னை ஏன் வீட்டைவிட்டுப் போகச் சொன்னேன் என்று இன்னும் உனக்குப் புரிந்திருக்காது. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, என் அபாவோடு மருந்தைப் பற்றிப் பொழுது விடிய விடிய மல்லுக்கட்டினாய். நான் ஒரு நோயாளியின் நாடி பார்த்து ஏதாவது சொன்னால் மட்டும் "ஆமா ஆமா" என்று சிரிப்பாய். குழந்தை பேசினால் சிரிப்பதைப்போல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பரிட்சை ஜூலைக் கடைசியில். அதற்குள் மலையில் உத்பல் மூலிகை பூத்துவிடும். வா.

யாங்டோல்

சும்தாங்
ஜூன் 21

யாங்டோலுக்கு,

கடிதம் கணவாய் தாண்டி வந்த பள்ளி ஆசிரியர் கையில் வந்தது. அவர் வழியிலேயே படித்துவிட்டார் போலிருக்கிறது. நான் கேட்பதற்கு முன்பே "என்ன தாங்களே, சௌக்கியமா?" என்கிறார்.

வருகிறேன். முதல் பாதியைப் படித்தபோது உன் கையெழுத்துதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டாம் பாதியைப் படித்ததும் வீட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். அம்மா பார்த்துவிட்டு, "எதுக்குடா வெட்ட வெளியப் பாத்துப் பல்லைக் காட்டுற?" என்று கேட்டாள்.

மற்ற இருவரும் யார்? லோட்டோஸ் அம்ச்சி என்றால் நாடியைப் பற்றித்தான் குடைவார். தயாராக இரு. என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் கவலைப்படு.

என் மேல் நீ சொன்ன குற்றத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். யோசிக்கிறேன்.

நோர்பெல்

நாக்லுங்
ஜூலை 30

நோர்பெல்,

வெட்கமாக இல்லையா உனக்கு?

ஊரே கூடியிருந்தது. மருந்துப் பாட்டில் ஒரு அடிகூட நான் தடுமாறவில்லை. லோட்டோஸ் அம்ச்சி நாடியைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், "அப்பனையே பாத்த மாதிரி இருக்கு" என்றார். கண்ணைக் கட்டிவிட்டு நாக்கில் வைத்த வேர்களை ஒன்று விடாமல் சொன்னேன். பெண்களெல்லாம் குரவையிடாத குறைதான். அப்போது நீ எழுந்தாய். நான் பறித்துக் காயவைத்துக் கொண்டுவந்த மூலிகைக் கூடைக்குள் கையை விட்டு உத்பலை எடுத்து முகர்ந்தாய்.

"இதை எங்க காய வச்சே?"

"அடுப்பு மேல. விடாம மழை. வேற எங்க வைக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். லோட்டோஸ் அம்ச்சிகூட, "மழைக்கு அவ என்னப்பா செய்வா, விடு" என்றார். நீ மட்டும் சிரிக்கவில்லை. மூவரில் இருவர் தலையாட்ட, நீ "இல்லை" என்றாய். ஒரே சொல். பார்லிச் சாங் கள் குடிக்க வந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

நான் தோற்றால் பை உனக்கு. அது உனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். எதிர்வீட்டுச் சுகித் உன் காதில் விழும்படியே சொன்னாள்: "பொண்டாட்டி வேணாமாம், பை மட்டும் வேணுமாம்." நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் குதிரை ஏறினாய்.

பையை நானே தூணிலிருந்து கழற்றி கோபா-லே கையில் கொடுத்துவிட்டேன். இதோடு சேர்ந்து வரும். வைத்துக்கொள். உன் ஆசை நிறைவேறட்டும்.

பதில் எழுதாதே.

யா.

சும்தாங்
ஆகஸ்ட் 4

யாங்டோல்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன், திட்டிக்கொள்.

கோபா-லே நேற்று வந்து பையை என் வீட்டுப் பலகையில் வைத்தார். "எடுத்துக்கப்பா, இனிமே நீதான் எங்க அம்ச்சி" என்றார். நான் அதன் முடிச்சைக்கூடத் தொடவில்லை. வெண்ணெய்த் தேநீர் கொடுத்து, பையையும் அவரையும் ஒன்றாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "அறுவடைக்கு அப்புறம் அவளுக்கு இன்னொரு பரிட்சை வையுங்க. அதுவரைக்கும் பை அவ வீட்டுத் தூண்லயே தொங்கட்டும்" என்றேன். "நீ என்னப்பா லூசா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

இப்போது உத்பலுக்கு வருகிறேன். அது சூட்டைத் தணிக்கிற செடி, நிழலில் காற்றில்தான் காய வேண்டும். இது உனக்குத் தெரியாததில்லை. பாட்டில் அந்த அடியை என்னைவிட நன்றாகச் சொன்னாய். நாளைக்கு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் நெஞ்சில் ஏறினால் அதன் தாய் உன்னிடம்தான் ஓடி வருவாள். நீ கொடுக்கும் பொடியில் குளிர்ச்சியே இருக்காது. மழை பெய்தது என்று அவளிடமும் சொல்வாயா? மழை என்றால் தொழுவத்துக் கூரையடியில் விரித்திருக்கலாம். அங்கே காற்று இருக்கிறது, புகை இல்லை. அதுவும் முடியாவிட்டால் கூடையில் உத்பலே வைக்காமல் வந்திருக்க வேண்டும்.

நீ என் மனைவி மட்டும் என்றால் நானும் சிரித்துவிட்டுத் தலையாட்டியிருப்பேன். ஆனால் என் எதிரே உட்கார்ந்திருந்தது ஒரு அம்ச்சி. எனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? கணவாய் ஏறும்வரை அழுதுகொண்டே போனேன். குதிரைக்குத் தெரியும்.

நோர்பெல்

நாக்லுங்
ஆகஸ்ட் 19

என் நோர்பெல்,

உன் கடிதத்தை முதலில் கிழித்தேன். பிறகு துண்டுகளை மாவுப் பசை போட்டு ஒட்டினேன். சில எழுத்துகள் போய்விட்டன, பரவாயில்லை.

உன்னைப் பொய்யனாக்கியே தீருவது என்று மறுநாளே மலையேறினேன். பனி உருகும் சரிவில், அந்தக் கூர்ப்பாறைக்கு மேலே, உத்பல் இன்னும் பூத்திருந்தது! நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். விரலெல்லாம் முள் குத்தியும் வலியே தெரியவில்லை. பாதியைத் தொழுவத்துக் கூரையடியில் விரித்தேன், பாதியை அடுப்பு மேல். நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

நிழலில் காய்ந்தது கசந்தது. தொண்டைவரை குளிர்ந்தது. அடுப்பில் காய்ந்தது வெறும் வைக்கோல். சுகித்தைக் கூப்பிட்டு அவளுக்கும் கொடுத்தேன். ஒன்றைத் துப்பினாள், இன்னொன்றை மென்றுகொண்டே, "இதுல என்னடி இருக்கு, ஒண்ணுமே இல்லையே" என்றாள். பழைய கூடையை அப்படியே கவிழ்த்து ஆட்டுக்குப் போட்டுவிட்டேன். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. குதிக்கலாம்போல இருந்தது!

ஏன் தெரியுமா? நீ என்னோடு மல்லுக்கட்டிவிட்டாய். அபாவிடம் பேசியதுபோலவே, தாட்சண்யம் இல்லாமல், ஊர் நடுவே. பை கைக்கு வந்தும் திருப்பி அனுப்பினாய். உன்மேல் எனக்கு இவ்வளவு ஆசை என்று எனக்கே தெரியாது. எழுதிவிட்டேன், ஆசிரியர் படித்துக்கொள்ளட்டும்.

"வா" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபா-லேவிடம் சொன்னேன். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, "வரட்டும், சந்தோசம். ஆனா ஒரே வீட்ல இருக்கறவன் உன்னைப் பரிட்சை பண்ண முடியாதும்மா. அவனுக்குப் பதிலா வேற ஆளைப் போடறேன். அதுவும் உனக்கு நல்லதுதானே?" என்றார். நல்லதுதான். லோட்டோஸ் அம்ச்சியும் இன்னும் இரண்டு கிழவர்களும் வந்து, "மழைக்கு அவ என்ன செய்வா" என்று தலையாட்டிவிட்டுச் சாங் குடித்துப் போவார்கள்.

இரவெல்லாம் புரண்டேன். எனக்கு அப்படிக் கிடைக்கிற பை வேண்டாம்.

அதனால், இப்போது வராதே. அறுவடை முடிந்து ஊர் கூடும்போது அம்ச்சியாகவே வா. கூடையில் கையை விடு. எது கடினமோ அதையே கேள். எனக்குத் தெரியாவிட்டால் எல்லோர் முன்னாலும் மறுபடி "இல்லை" என்று சொல். நான் தேறினாலும் சரி, தோற்றாலும் சரி, அன்றைக்கு மட்டும் திரும்பிப் போகக் குதிரைக்குச் சேணம் போடாதே.

யாங்டோல்