கூடையை இறக்கிய கை

1928 ஜூன் 4, திங்கள்

காலை ஆறு மணிக்கே வியர்வை. ஊட்டியில் இந்நேரம் கம்பளி. சாந்தோம் வந்து ஐந்தாம் நாள். விடுதியில் பெண்கள் பதினொருவர், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். மேட்ரன் நான். கான்வென்ட் தலைவி மதர் சொன்னது: "ஒரு மாதம் பார்ப்போம்." அறுபத்திரண்டு வயதில் என்னிடம் பார்க்க என்ன மீதி என்று கேட்கவில்லை.

வாங்க வேண்டியவை: கொசுவலைக்கு நாடா, நீலம், மை.

திரை தைக்கும் அமீர் பாய் "நாளைக்கு" என்றார். சனிக்கிழமையும் அதையேதான் சொன்னார். இந்த ஊரில் நாளை என்பது மறுநாள் அல்ல போலும். ஆனால் தையல் மட்டும், ஊட்டிப் பள்ளியில் எங்கள் சிஸ்டர்கள்கூடக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜூன் 5, செவ்வாய்

மீன்காரி வந்தாள். கன்னியம்மா, பக்கத்துக் குப்பம். என் வயதுதான் இருக்கும். தலையில் அவ்வளவு பெரிய கூடை. பார்க்கப் பொறுக்கவில்லை, நானே ஒரு பக்கம் பிடித்து இறக்கினேன். செவுள் பார்த்தேன். மூன்று மீன்களில் நிறம் மங்கல். "இன்று வேண்டாம்" என்றேன், மரியாதையாகத்தான். என்னையே பார்த்தாள். பிறகு கூடையை முழங்காலில் ஏற்றி, அங்கிருந்து தலைக்கு ஏற்றி, போய்விட்டாள். தூக்கிவிட்டிருக்கலாம். அதற்குள் உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது.

ஜூன் 7, வியாழன்

இரண்டு நாளாக மீன் இல்லை. நாலு கூடைகள் நம் கேட்டைத் தாண்டிப் போகின்றன, ஒன்றும் நிற்கவில்லை. சமையற்காரி ரோசம்மாவைக் கேட்டேன். "வர மாட்டாங்கம்மா" என்றாள். ஏன்? பாத்திரம் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

ஜூன் 8, வெள்ளி

வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது. ரோசம்மாவைச் சந்தைக்கு அனுப்பினேன். வந்த மீன் நாறல், குப்பைக்கு. பெண்களுக்கு முட்டை. ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை, முணுமுணுத்திருந்தால் தேவலை.

ஜூன் 10, ஞாயிறு

பூசை முடிந்து கோவில் வாசலில் மதர்: "வரும் வெள்ளி உங்களோடு சாப்பிடுகிறேன். இங்கே வந்த பிறகு கடல் மீனை மறக்க முடியாது, இல்லையா?" தலையாட்டினேன். வேறென்ன செய்ய.

திரும்பும்போது மதில் ஓரம் கன்னியம்மாவும் இன்னொருத்தியும். என்னைப் பார்க்கவில்லை. கன்னியம்மா சொன்னது காதில் விழுந்தது: "அந்த வெள்ளப் பொடவ கெய்வி வாசல்ல மட்டும் எறக்காதேடி. நாளே போச்சு."

அப்படியா.

இருபது வருடம் முன்பு, அவர் போன கையோடு, கணவர் வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு என்னைப் பின்கட்டில் உட்கார வைத்தார்கள். கிறிஸ்தவர்கள்தான். ஊட்டியில் அந்தத் தொல்லை இல்லாமல் இருந்தது. பட்டணத்தில் இருக்கும் என்று எச்சரித்தார்கள், நம்பவில்லை.

ஊட்டிப் பள்ளிக்குக் கடிதம் எழுதினேன், பழைய இடம் காலியா என்று. நாளை தபாலில் சேர்க்க.

ஜூன் 12, செவ்வாய்

கடிதம் இன்னும் மேசை இழுப்பறைக்குள். தபால் தலை இல்லை. (இருக்கிறது.)

லஸ் வரை டிராமில் போய் நாடா வாங்கினேன். கண்டக்டர்: "ஏறு ஆயா, ஏறு, எடம் கீது." ஒரு முழங்கை அளவு இடம். உட்கார்ந்திருந்த மூவர் ஒதுங்கி என்னை அதில் பொருத்திவிட்டார்கள். ஊட்டியில் இப்படி ஒருவரும் ஒருவரைத் தொட்டதில்லை.

மாலை கடற்காற்று. பெண்கள் மல்லிகை கட்டுகிறார்கள். டைப்பிஸ்டு ஸ்டெல்லா ஒரு முழத்தை டம்ளரில் போட்டு என் மேசையில் வைத்தாள். "தலைக்கு வேணாம்னா மேசைக்கு, மேடம்." நாகரிகம் தெரிந்த பெண். கொஞ்ச நேரம் விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 13, புதன்

கா. 6. நானே குப்பத்துக்குப் போனேன். செருப்பெல்லாம் மணல். கட்டுமரங்கள் கரையேறிவிட்டன. கன்னியம்மா கூடையில் மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்கவில்லை, கேட்டுவிட்டேன்:

"என் வெள்ளைப் புடவைக்காகத்தானே என் வாசலுக்கு வர மாட்டேங்கறே?"

நிமிர்ந்தாள். "இன்னாது? நான் கட்டிக்கினு கீறது இன்னா, பட்டா?" பக்கத்தில் இருந்தவளைத் தொட்டுச் சிரித்தாள். "இந்தக் குப்பத்துல பாதிப் பேரு தாலி அறுத்தவளுங்கதாம்மா. கடலு உட்டாத்தானே! அத்தப் பாத்தா எவ விக்கறது, எவ வாங்கறது?"

"பின்னே நான் என்ன செஞ்சேன்?"

"கூடைய எறக்குன்னு நானா சொன்னேன்? நீயா எறக்குனே. மொத வாசல், மொத கை. எறக்குன கை ஒரு நெத்திலியாவது எடுக்கணுமில்ல? போணி பண்ணாம தொரத்திட்டே. அன்னிக்கு லஸ்ஸு வரிக்கும் நடந்தேன், ஒருத்தி கைய வெக்கல. அல்லாத்தியும் கருவாட்டுக்குப் போட்டேன்."

"அப்போ வெள்ளைப் புடவைன்னு ஏன் சொன்னே?"

"உம் பேரு எனக்குத் தெரியுமா? தெருவுல ஏழு வூடு கீது. எந்த வூடுன்னு பின்ன எப்டி சொல்றது?"

எலிசபெத் என்றேன்.

"வாயில நொயையாது. மேட்ரனம்மா, அவ்ளோதான்."

தெரியாமல் செய்துவிட்டேன், என் தவறு என்றேன். நின்றபடி, கைகளைக் கோத்து. பள்ளியில் அப்படித்தான் சொல்ல வைப்பார்கள். குப்பத்துக் குழந்தைகள் வேடிக்கை பார்த்தன. கன்னியம்மாவுக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

"போதும், போதும். சும்மா நிக்கிறியே, ஒரு கை தூக்கி உடு."

"என் கையா? காலையில் முதல் கை..."

"பின்ன கெவுனரு கையா? தூக்கும்மா, வெயிலு ஏறுது."

தூக்கினேன். நினைத்ததைவிடக் கனம்.

ஜூன் 14, வியாழன்

நேற்றுத் தூக்கிவிட்ட கூடை ஒன்பது மணிக்கே காலி என்று கன்னியம்மா கேட்டில் நின்று தெரு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள். ரோசம்மாவிடம், இந்தப் போணி விஷயத்தை முதலிலேயே சொல்லக் கூடாதா என்றேன். "தெரிஞ்சுதான் செஞ்சீங்கன்னு நெனச்சேம்மா. நீங்கதான் படிச்சவங்களாச்சே."

மீன் பெயர்கள், கன்னியம்மா சொன்னபடி: வஞ்சிரம், சங்கரா, கானாங்கத்தை, காரப்பொடி. எழுதத் தாள் கிடைக்காமல் ஊட்டிக் கடிதத்தின் பின்பக்கம். அமீர் பாய் திரைகளைக் கொண்டுவந்தார். நாளை வந்தேவிட்டது.

ஜூன் 15, வெள்ளி

கா. 8. கேட்டுக்கு வெளியே குரல்: "மேட்ரனம்மா, எறக்கு!"

இறக்கினேன். ஒரு பெரிய வஞ்சிரம், பளபளவென்று. செவுளைத் தூக்கிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியாது. "இன்னா, டாக்டரா நீ?" சிவப்பு. எடுத்துக்கொண்டேன். மணி அடித்தது. அடிக்கட்டும். கூடையைத் தூக்கிவிட்டேன். மீன் தண்ணீர் தோளிலிருந்து இடுப்புவரை வழிந்தது.

ரோசம்மா ஓடி வந்தாள்: "மதர் இப்பவே வந்துட்டாங்கம்மா, பொடவையை மாத்துங்க."

மாற்றவில்லை. அப்படியே வரவேற்கப் போனேன்.