நடுத்திட்டுக்குப் போன படகு

ஜூன் 3

சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். உங்கள் வீட்டோடு இருக்கும் என் மகனைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும். அவனாக எழுத மாட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். நடுத்திட்டு மீன் முட்டையிடும் இடம், மூன்று வருஷம் அங்கே யாரும் வலை போடக் கூடாது என்று உங்கள் கரையும் எங்கள் கரையும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. காவல் படகில் உங்கள் ஆள் ஒருவர், எங்கள் ஆள் ஒருவர் என்று ஏற்பாடு. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனதும், சம்பந்தியைச் சந்தேகப்படுவது போல் ஆள் நிறுத்துவதா என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. எங்கள் ஆளைக் காவல் படகிலிருந்து நானே இறக்கிவிட்டேன். மீனவர் சங்கத்தில் எதிர்த்தவர்கள் வாயையும் தலைவன் என்ற முறையில் அடைத்தேன்.

நேற்று ஏலக்கூடத்தில் உங்கள் கரைப் பெட்டிகளைத் திறந்தார்கள். கை நீளத்துக்கு மீன், வயிறு முட்டச் சினை. திட்டில் தவிர வேறெங்கும் இப்போது அப்படி மீன் கிடையாது.

வலை தைக்கிற பெண் எல்லோர் காதிலும் விழ, "என்ன பெரியவரே, எங்க வீட்டு ஆளு வலையை மூட்டை கட்டிட்டு ஏணி மேல நின்னு சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறாரு. உங்க சம்பந்திக்கு மட்டும் கடலைத் திறந்து விட்டீங்களா?" என்றாள்.

யார் போனது? மழுப்பாமல் எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 11

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

நீங்கள் விட மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் சொல்லிவிடுகிறேன். போனது உங்கள் மகன். படகு என்னுடையது.

முதல் தடவை எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்தும் தடுக்கவில்லை. கேட்டதற்கு, "மாமா, திட்டை மூடுனதுல எங்கப்பாவுக்குப் பேரு கிடைச்சுது. எனக்கு என்ன கிடைச்சுது? மாமனார் வீட்டுச் சோறு. இவ்வளவு பெருகிக் கிடக்கு, நாலு பெட்டி எடுத்தா கடல் வத்திருமா?" என்றான். என் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்துக்காக விட்டுவிட்டேன். காவல்காரரிடமும் கண்டுகொள்ள வேண்டாம் என்று நானே சொன்னேன்.

இது நம் இரு வீட்டோடு போகட்டும். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். அடுத்த மாதம் பேத்தியைப் படகில் கூட்டி வருகிறோம். அவளை மடியில் வைத்துக்கொண்டால் உங்கள் கோபம் தணிந்துவிடும்.

அன்புடன்,
சம்பந்தி


ஜூன் 19

ஐயா,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. சங்கத்தில் படித்தேன். நான் பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக் கூட்டிப் பழகியவன், மெதுவாகத்தான் படிப்பேன். "உங்கள் மகன்" என்ற இடத்தில் தடுமாறினேன் என்று மட்டும் ஒருவரும் சொல்ல முடியாது.

படித்து முடித்ததும் கூச்சல். "அவன் அள்ளுவான், நாம வேடிக்கை பார்க்கணுமா? நாளைக்கே திட்டைத் திற" என்று பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். திறந்திருந்தால் ஒரே வாரத்தில் துடைத்திருப்பார்கள். என் படகைச் சங்கத்துக்கே எழுதிக் கொடுத்தேன். இனி அதுதான் எங்கள் காவல் படகு. அதன் பிறகுதான் உட்கார்ந்தார்கள். மூன்று வருஷத்தை இன்றிலிருந்து புதிதாக எண்ண வேண்டும் என்று தீர்மானம். உங்கள் கரையும் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டாலும் நாங்கள் மறிப்போம்.

நீங்கள் என் மகனைக் காப்பாற்றவில்லை. என்னிடமிருந்து மறைத்தீர்கள், அவ்வளவுதான். அவன் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

குழந்தையைப் படகில் கூட்டி வர வேண்டாம். திட்டைக் கடந்துதான் வர வேண்டும். அங்கே காவல் படகில் நான் இருப்பேன். உள்ளே யார் இருந்தாலும் உங்கள் படகைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
தலைவர், எதிர்க்கரை மீனவர் சங்கம்